ஹாரி பர்னின் ஒரு வாக்கு

டென்னசி மாநிலத்தின் நயோட்டா என்ற சிற்றூரிலிருந்து 1918-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானபோது ஹாரி பர்னுக்கு வயது 22. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்கான 19-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு, 1920 ஆகஸ்டில் இன்னும் ஒரு மாநிலத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஆகஸ்ட் 18 அன்று, எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவை அணிந்தே பர்ன் அவைக்கு வந்தார். திருத்தத்தைக் கிடப்பில் போடும் முன்மொழிவையும் ஆதரித்தார். அது 48-48 எனச் சமனாகித் தோற்றது. அடுத்து, ஒப்புதலுக்கான வாக்கெடுப்பு. பர்ன் 'ஆம்' என்றார். திருத்தம் நிறைவேறியது.

அப்போது அவர் சட்டைப்பையில் இருந்த தாயின் ஏழு பக்கக் கடிதத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். நமக்கோ, பிறகு அவைக்குறிப்பில் அவர் பதிவுசெய்த விளக்கமே முக்கியமாகப் படுகிறது. தம் நேர்மையைச் சந்தேகித்தவர்களைச் சாடிய அவர், வாக்குரிமை நியாயமானது என்றார். தாய் சொல்லைக் கேட்பதே மகனுக்கு நல்லது என்றார். தம் குடியரசுக் கட்சிக்குப் பெருமை தேடித் தர விரும்பியதையும் மறைக்கவில்லை. அரசியல்வாதி அல்லவா! தாய்ப்பாசக் கதையில் இந்தக் கடைசிக் காரணம் உதிர்ந்துவிட்டது.

தொகுதி இரண்டுபட்டுக் கிடந்த நிலையில், சில மாதங்களிலேயே தேர்தல். அதிலும் வென்றார். பின்னர் வழக்கறிஞரானார், வங்கி நடத்தினார். 1930-இல் ஆளுநர் பதவிக்கு முயன்று தோற்றார். 1949 முதல் 1953 வரை மாநில மேலவையில் இருந்தார். 1977-இல் காலமானார்.