ரெண்டு வரி போச்சு, சாவி போச்சு

அப்டேட், அப்கிரேட்னு ரெண்டு கமாண்ட் தட்டினா பாதுகாப்பு வந்துடும்னு யாராவது சொன்னா, நான் டெபியன் கதையை எடுத்து விடுவேன்.

2006ல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியைச் சோதிச்சப்போ, மதிப்பு போடாத நினைவகத்தைப் படிக்கிறதாக வால்கிரைண்ட் என்ற கருவி புலம்பியது. பராமரிப்பாளர் ரெண்டு வரியை நீக்கினார். (மூல நிரல்காரர்களைக் கேட்டுட்டுத்தான் நீக்கினார், பாவம்.) அதில் ஒண்ணு, தற்செயல் எண்ணுக்கு விதை போடுற வரி! மிஞ்சிய விதை புராசஸ் எண் மட்டுமே. ஒரு வகைக் கணினியில், ஒரு நீளத்தில், பிறக்கக்கூடிய எஸ்எஸ்எச் சாவிகள் மொத்தமே 32,767. எல்லாத்தையும் முன்கூட்டியே செஞ்சு பட்டியல் போட்டுடலாம். போட்டாங்க.

டெபியன், உபுண்டு எல்லாத்துக்கும் களஞ்சியம் வழியாகவே இந்த ஓட்டை சமர்த்தா போய்ச் சேர்ந்தது. லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்க, 2008 மே 13ல் அறிவிப்பும் திருத்தமும் வந்தன. களஞ்சியத்தின் கையெழுத்து குனூபிஜி சாவியில் போடுவது. அதுக்கு இந்த நோய் இல்லை. அதனால மருந்தையாவது நம்பி வாங்க முடிஞ்சது.

ஆனா பொதியை மாத்தினா பட்டறைதான் சரியாகும், ஏற்கெனவே அடிச்ச சாவி மாறாதே! அந்தச் சாவியை நம்பி உள்ளே விடுற வேறெந்த சர்வரும், டெபியனே இல்லாட்டியும், திறந்த வீடுதான். அதனால பழுதான சாவிகளின் பட்டியலைத் தனிப் பொதியாக விட்டு, எஸ்எஸ்எச் சர்வரே அவற்றை மறுக்கும்படி செஞ்சாங்க. சர்வரோட சொந்தச் சாவியை அப்கிரேடே, கேட்டுட்டு, புதுசாக்கிக் கொடுத்தது. பயனர் சாவிகளை மட்டும் எந்தக் களஞ்சியத்தாலும் மாத்த முடியலை. ஒவ்வொருத்தரும் உட்கார்ந்து எஸ்எஸ்எச்-கீஜென் தட்டி, பழசைப் போட்டிருந்த சர்வரையெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகப்படுத்தி அழிக்க வேண்டியதாப் போச்சு.