மாயூரம் வேதநாயகம் பிள்ளை: கோர்ட்டிலும் கீர்த்தனையிலும் ஒரு விசுவாசி



பழைய மாணவி ஒருவர் சென்ற வாரம் தனியே ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஒரு பத்திரிகையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். "ஐயா, நான் எழுதுவது எல்லா மதத்தாரும் படிக்கிற பத்திரிகை. என் விசுவாசத்தை அதில் எழுத முடியாது, எழுதுவது முறையும் இல்லை. அப்படியானால் ஆபீசுக்குள் நுழையும்போது அதைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. "தமிழின் முதல் நாவலை எழுதியவர் யார்?" என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாக மட்டும் அவரை நம்மில் பலர் தெரிந்து வைத்திருக்கிறோம். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் பெரிய வாழ்க்கை ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் வேறு, மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. சாஸ்திரியார் 1774-ல் பிறந்தவர், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர், சரபோஜி மன்னரோடு சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். நம்முடைய பிள்ளை அவருக்கு அரை நூற்றாண்டு பிந்தியவர், கத்தோலிக்கர். விடைத்தாளில் இந்த இருவரையும் ஒருவராக்கிய பிள்ளைகள் என் வகுப்பில் எத்தனை பேர் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவரவருக்குத் தெரியும்!

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி அருகே குளத்தூரில் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரியம்மாள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். பிறகு தாமும் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தார். அதன்பின் முன்சீப் பதவி. தரங்கம்பாடி, சீர்காழி என்று போய்க் கடைசியில் மாயூரத்தில் பல ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தார். அதனால்தான் பெயரோடு மாயூரம் ஒட்டிக்கொண்டது. அந்த ஊர் நகரசபைத் தலைவராகவும் இருந்தார்.

அவர் நின்ற இடத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மேலே ஆங்கிலேய அதிகாரிகள். எதிரே வழக்காட வரும் மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். சுற்றிலும் சைவ மடங்களும் சிவாலயங்களும் நிறைந்த காவிரிக்கரை. அவருக்குத் தமிழ் நண்பர்களாக வாய்த்தவர்களோ மடத்துப் புலவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கத்தோலிக்க எழுத்தாளர் என்ன செய்வார்? ஒன்று, வாய் திறந்தால் மதப் பிரசாரம் செய்யலாம். அல்லது, மதம் வீட்டோடு என்று ஒதுக்கி வைத்துவிடலாம். பிள்ளை இரண்டையும் செய்யவில்லை.

அவருடைய முதல் நூல் 1859-ல் வந்த நீதிநூல். கடவுள் வாழ்த்தில் தொடங்கி அரசன், பெற்றோர், பொய், களவு, சூது, குடி என்று ஒவ்வொரு தலைப்பாக எடுத்துப் பாடுகிறார். அதில் கைக்கூலி என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கைக்கூலி என்றால் லஞ்சம். நீதிமன்ற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் லஞ்சத்தைக் கண்டித்து அச்சிட்டுப் பேர் போட்டு வெளியிடுவது சாதாரண காரியமா? நாளைக்கு அவர் கை கொஞ்சம் அசைந்தாலும் ஊரே அந்தப் பாட்டைத் திருப்பிச் சொல்லுமே! அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட வேலி அது. அந்த நூலைப் படிக்க யாரும் கிறிஸ்தவராக இருக்கத் தேவையில்லை. ஆனால் எழுதியவருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடையில் அவருடைய விசுவாசத்துக்கு இடம் இல்லாமல் போகாது.

அடுத்தது சித்தாந்த சங்கிரகம். இதைப் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தார். ஆங்கிலம் தெரியாத குடியானவனுக்குத் தன் நிலத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும்? ஆங்கிலம் தெரிந்தவன் சொல்வதை நம்ப வேண்டும், அதற்குக் காசும் கொடுக்க வேண்டும். அந்த நிலையை மாற்ற ஒரு முன்சீப் தம் சொந்த உழைப்பைச் செலவிட்டார். அந்த நூலில் சாமி பெயரைத் தேடினால் கிடைக்காது. தீர்ப்புகள்தான் கிடைக்கும். ஆனால் அயலானை நேசிப்பது என்பதற்கு ஒரு முன்சீப் தம் மேசையில் செய்யக்கூடிய வேலை இதைவிட வேறென்ன?

இனி அவருடைய நட்புகள். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர், நம் முன்சீப்பின் நெருங்கிய நண்பர். நெற்றியில் திருநீறு மாறாத பழுத்த சைவர் அவர். அவரே வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை என்ற நூலைப் பாடினார். கத்தோலிக்க முன்சீப் மேல் சைவப் புலவர் பாடிய கோவை! இவரும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றிப் பல பாடல்கள் பாடியிருக்கிறார். உ.வே.சா. தம் எழுத்துகளில் இந்த நட்பைப் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களில் யாரும் தம் சமயத்தை விட்டுக்கொடுத்து நண்பர்களாகவில்லை. சைவர் சைவராகவே இருந்தார், கத்தோலிக்கர் கத்தோலிக்கராகவே இருந்தார். 'எல்லாம் ஒன்றுதான்' என்று மேலோட்டமாகச் சொல்லிச் சமாளிக்கவும் இல்லை. நடுவில் தமிழ் இருந்தது. ஒருவர் மேல் ஒருவருக்கு மதிப்பு இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். அந்த நேரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகளும் எழுதினார். அதே ஊரில் வாழ்ந்தவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். சிவபெருமானை அல்லாமல் மனிதர்களைப் பாடும் வழக்கம் இல்லாத அவரே மனம் நெகிழ்ந்து முன்சீப்பைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார் என்றால், அந்தக் கஞ்சியில் இருந்த உண்மையைப் புரிந்துகொள்ளலாம்.

1878-ல் சர்வசமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடும். எந்த மதத்தாரும் தயங்காமல் பாடக்கூடிய விதத்தில் கடவுளின் கருணையையும், நல்லொழுக்கத்தையும், வீட்டு வாழ்க்கையையும், உத்தியோகத் தொல்லைகளையும்கூடக் கர்நாடக இராகங்களில் பாடினார். அவற்றில் சில இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் எழுதியவர் கத்தோலிக்கர் என்பது பல சமயம் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவரும் நினைத்ததாகத் தோன்றவில்லை.

1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம். தமிழில் வசன நூல்கள் போதாத குறையைப் போக்கவே எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். கதையில் கணவனைத் தேடி ஆண் வேடத்தில் போகும் ஞானாம்பாள் விக்கிரமபுரிக்கு அரசனாகவே ஆகி நல்லாட்சி நடத்துகிறாள். 1869-லேயே பெண்மதி மாலை எழுதிப் பெண்கள் படிக்க வேண்டும் என்று வாதாடியவர் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. தமிழ் மக்கள் வழக்காடும் கோர்ட்டில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவது என்ன நியாயம் என்றும் அதே நாவலில் கேட்கிறார். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கேள்வியின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாவலின் பாத்திரங்கள் கடவுளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஆனால் எந்த மதத்தின் பெயராலும் பேசுவதில்லை.

"அப்படியானால் அவர் தம் விசுவாசத்தை மறைத்தார் என்றுதானே பொருள்?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம் என்று தம் சமயத்துக்கு உரிய நூல்களைத் தனியே, வெளிப்படையாக, தம் பெயரிலேயே எழுதினார். மாதாவைப் பாடும்போது மாதாவைப் பாடினார். தீர்ப்பைத் தமிழாக்கும்போது தீர்ப்பைத் தமிழாக்கினார். எந்தச் சபையில் எதைப் பேச வேண்டும் என்ற இங்கிதம் அது, பயம் அல்ல. பயந்தவர் அந்தாதி பாடி அச்சிட்டிருக்க மாட்டார்.

அவருடைய சமகாலத்தவர் எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை வேறு வழியில் போனார். 1827-ல் பிறந்த அவர், கிறிஸ்தவராக மாறிய பின் இரட்சணிய யாத்திரிகம் என்னும் முழுக் கிறிஸ்தவக் காப்பியத்தையே படைத்தார். அதுவும் பெரிய வழிதான். இன்ன வழிதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாருக்கும் பொதுவான மேடையில் நின்று எழுதுகிறவருக்கு முன்சீப்பின் வழி அதிகம் உதவும்.

குறைகளையும் சொல்லாவிட்டால் நான் வரலாறு சொன்னவன் ஆகமாட்டேன். பெண் கல்விக்கு வாதாடியவரே, மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடவில்லை. நாவலின் நாயகர்கள் செல்வக் குடும்பத்தார். உழைக்கும் எளிய சாதி மக்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். விசுவாசம் ஒரு மனிதரைத் தம் காலத்துக்கு மேலே தூக்கிவிடும் என்பது உண்மை, ஆனால் முழுவதுமாகத் தூக்கிவிடுவதில்லை. இதையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

1887-ல் சுகுண சுந்தரி என்ற இரண்டாவது நாவலையும் வெளியிட்டார். 1889 ஜூலை 21-ஆம் தேதி காலமானார்.

என் மாணவிக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. வாசலில் எதையும் கழற்றி வைக்க வேண்டாம், அம்மா. எடுத்துக் காட்டவும் வேண்டாம். செய்தியைத் திரிக்காமல் எழுது. காசுக்குப் பேனாவை விற்காதே. ஏழை சொல்வதைக் காது கொடுத்துக் கேள். வேறு சமயத்தாரைப் பற்றி எழுதும்போது, அவர்கள் படித்தால் 'சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்' என்று சொல்லும்படி எழுது. உன் விசுவாசம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொன்னதல்ல. திருநீறோ திருமண்ணோ தொப்பியோ, எதை அணிந்து அலுவலகம் போகிறவருக்கும் பொருந்தும்.

பிரதாப முதலியார் சரித்திரம் இன்றும் மலிவுப் பதிப்பில் கிடைக்கிறது. நூலகத்திலும் இருக்கும். விடுமுறையில் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து நாலு பக்கம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், சிரிப்பார்கள். மயிலாடுதுறைப் பக்கத்து உறவினர்கள் முன்சீப்பைப் பற்றித் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன செய்தி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாரும் நலமாக இருங்கள்.