அன்னபூரணி பிறந்த மணல்

"கப்பல் கட்டின இடம் எது, ஐயா?" என்று வல்வெட்டித்துறையில் ஒரு பெரியவரைக் கேட்டேன். அவர் என் காலடியைச் சுட்டிக் காட்டினார். வெறும் மணல்!

அந்தத் துறையில் வேப்பமரத்தால் உருவான 89 அடிப் பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் அதை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில், மாஸச்சூஸெட்ஸிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குளோஸ்டரோ மரக்கப்பலுக்குப் பேர்போன ஊர். கொல்லன் தெருவுக்கே ஊசி போன கதைதான்!

மேஸ்திரிமாருக்கு ஏராவின் நீளமும் விலாவின் வளைவும் கண்ணிலும் கையிலும் இருந்தன, ஏட்டில் இல்லை. தகப்பன் சொல்ல மகன் கற்றான். கட்டுவது நின்றபோது சொல்வதும் நின்றது. கோயில் இடிந்தால் கல்லாவது மிஞ்சும். கப்பல் கட்டிய துறையில் என்ன மிஞ்சும்? நல்ல கப்பலென்றால் அது புறப்பட்டே போய்விடுகிறதே!

"எழுதி வையும், தம்பி. இடத்தைக் காட்ட நான் இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பன்?" என்றார் பெரியவர்.

எழுதிவிட்டேன்.