உடைந்தாலும் உதிராத கண்ணாடி

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் வண்டி ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன் கண்ணாடியில் விரிசல் விட்டதாகச் சொல்பவர்கள் குறைவு. இருந்தால் முழுசாக இருக்கும், போனால் மொத்தமாகப் போய்விடும். இன்று ஒரு கோடு விழுந்தாலே அலுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கோடு விழுவதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

அப்போது நம் வண்டிகளில் பெரும்பாலும் இருந்தது டஃபன்டு கண்ணாடி. அறுநூறு டிகிரிக்கு மேல் சுடவைத்து, காற்றடித்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேல்பரப்பு இறுகிக்கொள்ளும், உள்ளே இழுவிசை நிற்கும். சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலு. ஆனால் ஒரு கூர்மையான கல் மேல்பரப்பைத் துளைத்துவிட்டால், கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் கல்கண்டாக நொறுங்கும்.

1980-களில் அலுவலக அம்பாசிடரில் மதுராந்தகம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்தது. எதிரே வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிட்டது, சாலையே தெரியவில்லை. டிரைவர் பதறாமல் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணாடியைக் குத்தி ஓட்டை போட்டு, வண்டியை ஓரங்கட்டினார். எங்கள் மடியெல்லாம் கண்ணாடிச் சில்லு. பின்னால் ஒரு பஸ் நெருங்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

இதற்கு மாற்று அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஓவியர், வேதியியலும் தெரிந்தவர். 1903-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. உடைந்தது, ஆனால் சிதறவில்லை. முன்பு அதில் வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் வற்றி, உட்புறம் ஒரு படலமாக ஒட்டியிருந்ததுதான் காரணம். கார் விபத்துகளில் கண்ணாடி கிழித்து மக்கள் காயப்படும் செய்திகளைப் படித்தபோது அவருக்கு அந்தக் குடுவை நினைவுக்கு வந்ததாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செல்லுலாய்டு வைத்து ஒட்டி, 1909-இல் காப்புரிமை பெற்றார்.

முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதிக்கு இந்தக் கண்ணாடி பயன்பட்டது. 1927 கடைசியில் ஃபோர்டு கம்பெனி தன் 'மாடல் ஏ' காரின் முன் கண்ணாடியாகவே இதைப் பொருத்தியது. செல்லுலாய்டு நாளாக நாளாக மஞ்சளாகிவிடும். 1930-களின் பிற்பகுதியில் அதன் இடத்துக்கு பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் வந்தது. இன்றும் அதுதான். கனம் முக்கால் மில்லிமீட்டர்.

நம் நாட்டில் டஃபன்டு கண்ணாடி விலை குறைவு, சட்டமும் அதைப் பாதுகாப்புக் கண்ணாடி என்றே ஏற்றுக்கொண்டிருந்தது. 1990-களில்தான் விதி திருத்தப்பட்டு, புது வண்டிகளுக்கு லேமினேட்டட் முன் கண்ணாடி கட்டாயமானது. சில வருடங்களில், பொத்தேரியிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷனான மறைமலை நகரில், 1999-இல் அதே ஃபோர்டு கம்பெனியின் ஐகான் கார்கள் இந்தக் கண்ணாடியோடு வெளிவந்தன. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிரான்சின் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலையும் வந்தது. ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது, கண்ணாடி ஆலை நடக்கிறது.

நம் ஜி.எஸ்.டி. சாலையில் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குக் குறைவில்லை. போன வருடம் என் காரிலும் ஒரு ஜல்லி தெறித்தது. கடுகளவு குழி, அதைச் சுற்றி நட்சத்திரம்போல் நாலு கீறல். தூசி, ஈரம் இறங்காமல் உடனே மேலே டேப் ஒட்டி, மறுநாளே கடைக்குக் கொண்டுபோனேன். குழிக்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசின் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுகவைத்தார்கள். அரை மணி நேர வேலை.

பக்கத்துத் தெரு நண்பருக்கும் இதே அடிதான். "பார்த்துக்கலாம் சார்" என்று ஒரு வாரம் விட்டார். சித்திரை வெயிலில் நின்று கொதித்த வண்டியில் ஏறி, ஏசியை முழு வேகத்தில் வைத்தார். கண் முன்னாலேயே கோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிவிட்டது. கண்ணாடியையே மாற்றவேண்டியதாயிற்று.

ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் குழி என்றால் பெரும்பாலும் அடைத்துவிடலாம். ஓரம்வரை ஓடிய விரிசலும், ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே இருப்பதும் மாற்றவேண்டியவை. இன்சூரன்ஸில் கேட்பதற்கு முன், நோ கிளெய்ம் போனஸ் போகுமா என்று விசாரித்துக் கணக்குப் போடுங்கள். மாற்றினால், ஒட்டிய பசை இறுகக் கடைக்காரர் சொல்லும் நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள். விபத்தில் முன்சீட்டு ஏர்பேக் விரியும்போது பல கார்களில் அந்தக் கண்ணாடியில்தான் சாய்ந்து நிற்கும். கண்ணாடி பிடுங்கிக்கொண்டு போனால் பையும் பயன்படாது.

மதுராந்தகத்துச் சாலையில் எங்களுக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. இன்றைய கண்ணாடி, விரிசல் விட்ட பிறகும் வழியைக் காட்டிக்கொண்டு, நமக்குச் சில நாள் அவகாசம் தருகிறது. அதை வீணாக்காமல் இருந்தால் போதும்.