நடந்து வருவோரும் காரில் வருவோரும்

அமெரிக்க யூதர்களில் மரபுவழியினர், சீர்திருத்தத்தார் என்ற பிரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இறையியலில் தொடங்குவார்கள். தோரா கடவுள் சொல்லச் சொல்ல மோசே எழுதியதா, மனிதர் காலந்தோறும் சேர்த்ததா என்று வாதம் நீளும். எனக்கு அதைவிட நல்ல தொடக்கம் சனிக்கிழமை காலை ஜெப ஆலயத்தின் கார் நிறுத்துமிடம். மரபுவழி ஆலயத்தில் அது காலியாகக் கிடக்கும். உள்ளே உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். சீர்திருத்த ஆலயத்தில் எத்தனை கார் நிற்கிறதோ, ஏறக்குறைய அத்தனை குடும்பம் உள்ளே இருக்கும். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டலாகாது என்ற கட்டளை கார் எஞ்சினுக்கும் பொருந்தும் என்பது மரபுவழியினரின் துணிபு. சீர்திருத்தத்தார் அதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள். இரு தரப்பின் வாரமும் வேறு வேறாகப் போனதில் இந்த ஒரு முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ப்யூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கில், வயதுவந்த அமெரிக்க யூதரில் 37 விழுக்காட்டினர் தங்களைச் சீர்திருத்தப் பிரிவினர் என்றார்கள். மரபுவழியினர் 9 விழுக்காடுதான். ஆனால் வாரத்தின் ஏழு நாளும் விடியற்காலையில் ஆலயக் கதவைத் திறப்பது அந்தச் சிறிய தரப்பே.

நடந்து வர வேண்டும் என்றால் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். நியூஜெர்சியின் டீனெக், லாங் ஐலண்டின் தென்மேற்கில் உள்ள ஊர்கள், லாஸ் ஏஞ்சலஸின் பீகோ-ராபர்ட்சன் வட்டாரம் ஆகியவற்றில் ஆலயத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதும் வீட்டு விலையில் சேரும். இத்துடன் ஏருவ் என்ற ஓர் ஏற்பாடும் உண்டு. ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே பொருளைத் தூக்கிப் போவதற்குத் தடை இருப்பதால், கம்பங்களில் மெல்லிய கம்பியோ நூலோ கட்டி வட்டாரம் முழுவதையும் ஒரே வளாகம் என்று கொள்கிறார்கள். அதற்குள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம். எங்காவது அறுந்திருந்தால் ஏற்பாடே செல்லாது; அதனால் வாரந்தோறும் ஒருவர் சுற்றிவந்து பார்க்கிறார். மன்ஹாட்டனின் பெரும்பகுதியே இப்படிப்பட்ட ஒரு கம்பிக்குள்தான் இருக்கிறது. தெரு விளக்கையே பார்த்து நடக்கும் நியூயார்க்வாசிக்கு அது கண்ணில் படுவதில்லை.

சீர்திருத்த ஆலயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் விரிந்தபோது, அகலமான கார் நிறுத்துமிடத்தோடு பெரிய கட்டடங்கள் எழுந்தன. உறுப்பினர்கள் நாலைந்து ஊர்களிலிருந்து வந்தார்கள். ஆண்டுச் சந்தா கட்டினார்கள், பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டிய தேவை போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவு 1950இல், வழிபாட்டுக்கு வருவதற்காக மட்டும் ஓய்வுநாளில் கார் ஓட்டலாம் என்று அனுமதித்தது. அதுவே சமூகத்தைச் சிதற வைத்துவிட்டது என்று அப்பிரிவின் தலைவர்களே பின்னாளில் வருந்தினார்கள்.

வார நாட்களுக்கு வருவோம். மரபுவழி ஆலயத்தில் நாளுக்கு மூன்று வழிபாடு: காலையில் ஷஹரித், பிற்பகலில் மின்ஹா, இருட்டிய பின் மாரிவ். காலை வழிபாடு வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சீக்கிரமே தொடங்கும். நெற்றியிலும் கையிலும் தெஃபிலின் என்ற தோல் பெட்டிகளைக் கட்டிக்கொள்வார்கள். திங்கள், வியாழன் இரு நாளும் தோராச் சுருளை எடுத்து அந்த வாரப் பகுதியின் தொடக்கத்தை வாசிப்பதால் இன்னும் சிறிது நேரம் ஆகும். மின்ஹாவையும் மாரிவையும் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிச் சேர்த்தே நடத்தும் ஆலயங்கள் பல. இதற்கெல்லாம் மின்யான், அதாவது பதின்மூன்று வயது கடந்த பத்து ஆண்கள் தேவை. ஒன்பது பேர்தான் என்றால் யாராவது ஒருவர் தெருவில் இறங்கி ஆள் தேடுவார், அல்லது கைபேசியில் கூப்பிடுவார். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்கு அழகான கட்டடமும் சீனத்திலிருந்து வந்த நீலப் பூத் தரையோடுகளும் இன்றும் உண்டு. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்கள் போக, ஊரில் பத்து ஆண்கள்தாம் இல்லை.

பத்துப் பேரை வாரநாளின் விடியற்காலையில் கூட்டுவது எது? பக்தி ஓரளவுக்குத்தான். பெரும் பங்கு துக்கத்துக்கு. தாயையோ தந்தையையோ இழந்த மகன் பதினொரு மாதம் நாள்தோறும் கத்திஷ் என்ற துதியைச் சொல்ல வேண்டும். மின்யான் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. துக்கத்துக்காக வந்தவர் பதினொரு மாதம் முடிந்த பிறகும் வந்துகொண்டே இருப்பது உண்டு. இப்போது வேறொருவர் கத்திஷ் சொல்ல, அவருக்காக எண்ணிக்கையில் ஒருவராக நிற்கிறார். சீர்திருத்த ஆலயங்களில் அன்றாட வழிபாடு அரிது. வெள்ளி மாலையில் அந்த வாரம் நினைவுநாள் வரும் இறந்தோரின் பெயர்களை வாசிப்பார்கள். குடும்பத்தினர் எழுந்து கத்திஷ் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வந்து போவதற்கும் நாள்தோறும் வந்து நிற்பதற்கும் உள்ள தொலைவை எந்த உரையாலும் ஈடுகட்ட முடியாது.

வெள்ளிக்கிழமையில் இரு தரப்பும் அமெரிக்காவோடு எப்படி ஒப்பந்தம் செய்துகொண்டன என்பது தெரியும். மரபுவழியில், வெள்ளி மாலையே தொடங்கும் ஓய்வுநாளின் விளக்கைச் சூரியன் மறைய 18 நிமிடம் முன்பே ஏற்றுவது வழக்கம். நியூயார்க்கில் டிசம்பர் நடுவில் அது மாலை 4.10ஐ ஒட்டி வரும். ஜூன் இறுதியில் 8.10ஐத் தாண்டும். நம் வீட்டுச் சுவரில் பஞ்சாங்கக் காலண்டர் தொங்குவதுபோல அவர்கள் குளிர்பதனப் பெட்டியில் இந்த நேர அட்டவணை ஒட்டியிருக்கும். குளிர்காலத்தில் வெள்ளி பிற்பகல் இரண்டு மணிக்கே அலுவலகத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு இசையாத வேலை வேண்டாம் என்று விட்டவர்கள் முன்தலைமுறையில் ஏராளம். சீர்திருத்தத் தரப்பில், சின்சினாட்டி ரபி (யூத சமயகுரு) ஐசக் மேயர் வைஸ் 1860களில் வேறு வழி கண்டார். சனிக்கிழமை அமெரிக்காவில் வேலை நாளாக இருந்தது. கடைக்காரரும் குமாஸ்தாவும் காலையில் ஆலயம் வர முடியாது. ஆகவே இரவு உணவுக்குப் பின் ஒரு நிலையான நேரத்தில் வெள்ளி வழிபாட்டை வைத்தார். சிகாகோவின் சினாய் ஆலயம் இன்னும் ஒரு படி மேலே போய், 1874இல் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டையே தொடங்கியது. ஞாயிறு வழிபாடு நிலைக்கவில்லை, வெள்ளி இரவு நிலைத்தது.

சனிக்கிழமை இரு ஆலயங்களிலும் சுருளைத் திறப்பது ஒரே பகுதிக்குத்தான். அதை முழுதும் வாசிப்பது மரபுவழி, ஒரு பத்தியை எடுத்து விளக்குவது சீர்திருத்தம். மரபுவழியில் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஓடும். நடுவில் அரட்டையும் நடக்கும். ரபி அவ்வப்போது மேசையைத் தட்டி அடக்குவார். முடிந்ததும் கிட்டுஷ் என்ற சிறு விருந்து: திராட்சரசம், ஹெரிங் மீன் ஊறல், முதல் நாளே அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் வெந்த சோலந்த். ஓய்வுநாளில் சமைக்கக் கூடாது என்பதால் பிறந்த உணவு அது. சீர்திருத்த ஆலயத்தில் வெள்ளி இரவே காப்பியும் கேக்கும் வைத்துப் பேசி முடித்துவிடுவார்கள். சனி காலை பெரும்பாலும் ஒரு பிள்ளை சமயப் பொறுப்பேற்கும் வயதை எட்டும் சடங்காக, அதாவது பார் மிட்ஸ்வா அல்லது பாத் மிட்ஸ்வாவாக இருக்கும். வந்திருப்போரில் பாதிக்கு மேல் அந்த வீட்டு விருந்தாளிகள். அதற்கு முன்பு சிறு வட்டமாக உட்கார்ந்து தோரா பற்றி வாதாடும் குழு ஒன்று பல ஆலயங்களில் உண்டு. வாரந்தோறும் தவறாமல் வருகிறவர்கள் இவர்கள்தாம்.

மரபுவழியின் கல்வி இதனினும் கடுமையானது. போலந்து ரபி மெயிர் ஷபீரோ 1923இல் தொடங்கிய தாஃப் யோமி முறைப்படி, தால்முத் என்ற சமயச் சட்ட விவாத நூலில் நாளுக்கு ஓர் ஏடு. 2,711 ஏடுகளை முடிக்க ஏழரை ஆண்டு. 2020 ஜனவரி 1 அன்று ஒரு சுற்று முடிந்ததைக் கொண்டாட நியூஜெர்சியின் மெட்லைஃப் விளையாட்டரங்கில் ஏறக்குறைய 90,000 பேர் கூடினார்கள். சீர்திருத்தத்தாரின் கல்வி பெரும்பாலும் பிள்ளைகளுக்கே: ஞாயிறு காலைப் பள்ளி. 1838இல் பிலடெல்பியாவில் ரெபேக்கா கிராட்ஸ் தொடங்கிய எபிரேய ஞாயிறு பள்ளியே இதற்கு முன்னோடி.

பெண்கள் விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. மரபுவழி ஆலயத்தில் பெண்கள் திரைக்கு அப்பாலோ மாடியிலோ அமர்வார்கள். பத்துப் பேர் எண்ணிக்கையில் சேரார். கணவனோ மகனோ விடியற்காலையில் கிளம்பிப் போக, வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்று அந்த அட்டவணை கேட்பதில்லை. சீர்திருத்தத்தாரின் கதை வேறு. சின்சினாட்டிக்கு வருமுன் ஆல்பனியில் வைஸ் நடத்திய சபை 1851இல் ஒரு பழைய பாப்டிஸ்ட் தேவாலயக் கட்டடத்தை வாங்கியது. அங்கே குடும்பம் குடும்பமாக உட்காரும் நீண்ட இருக்கைகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றை மாற்றாமல் அப்படியே கலந்து அமர்ந்தார்கள். கோட்பாட்டைவிட மரச்சாமான் முந்திக்கொண்ட அபூர்வமான சம்பவம். 1972இல் சாலி பிரீசாண்ட் அமெரிக்காவின் முதல் பெண் ரபியானது சீர்திருத்தப் பிரிவில்தான். இன்று சீர்திருத்த ஆலயங்களின் வார நடைமுறையில் பாதியைப் பெண்கள் நடத்துகிறார்கள் என்று சொன்னால் குறைவாகத்தான் இருக்கும்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் இரண்டு தரப்பையும் சோதித்தது. சீர்திருத்த ஆலயங்கள் சில நாட்களிலேயே வெள்ளி வழிபாட்டைக் கணினித் திரைக்கு மாற்றின; வேறு மாநிலத்துக்குப் போன பழைய உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஓய்வுநாளில் மின்கருவியைத் தொடாத மரபுவழியினருக்கு அந்த வழி அடைப்பு. வாரநாளிலும் திரையில் தெரியும் பத்து முகங்கள் மின்யான் ஆகா என்றே பெரும்பாலான மரபுவழி ரபிகள் தீர்ப்பளித்தார்கள். ஆலயம் பூட்டியிருந்த அந்த வாரங்களில் பெற்றோரை இழந்த பலர் கத்திஷ் சொல்ல வழியில்லாமல் நின்றார்கள். பிறகு அனுமதி கிடைத்ததும் புழக்கடைகளில் இடைவெளி விட்டு நின்று பத்துப் பேரை எண்ணத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்திலேயே குடியிருந்ததால் அதற்கு யாரும் காரை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வசந்த காலத்தில் துக்கப்பட்டவருக்கு உடனே கைகொடுத்தது சீர்திருத்தத்தாரின் திரைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெயில் ஏறிய பிறகு ஆட்களை நேரில் முதலில் கூட்ட முடிந்தது மரபுவழியினருக்குத்தான்.