480 நாள்

"ஒப்பந்தப் பணியாளர்களுக்கு வேலையில் ஈடுபாடு இல்லை, அதனால்தான் அரசுத் திட்டங்கள் தோற்கின்றன" என்று ஒரு கருத்தரங்கில் அதிகாரி ஒருவர் பேசினார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். பதினைந்து வருஷமாகச் சென்னைத் தெருக்களில் குப்பை வாருகிறவள். "ஈடுபாடுன்னா இன்னாடா? காலைல ஆறு மணிக்கு வண்டி தள்ளினு நிக்கறனே, அதுக்குப் பேரு இன்னா?" என்றாள்.

அதிகாரி சொல்லாமல் விட்ட வரலாறு இருக்கிறது.

துப்புரவு வேலை சாதி நம்மீது சுமத்தியது. அதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் பர்மனெண்ட் ஆனவனுக்குப் பென்ஷன் இருந்தது. பிள்ளைகள் அந்த வேலையைவிட்டு வெளியேற அதுவே வழி. தாத்தா பர்மனெண்ட். அவர் பென்ஷனில்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். அத்தை காண்ட்ராக்ட். அவள் மகன் பத்தாவதோடு நின்றான்.

தொழில் நிறுவனங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இல் சட்டம் வந்தது. 2000இல் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியார் கைக்குப் போனது. பிறகு 2007, 2012, 2020 என்று கம்பெனிகள் மாறின. டெண்டர் மாறினால் முதலாளி மாறுவான். தொழிலாளியின் நாள்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

திட்டம் தோற்பதும் இங்கேதான். மக்கும் குப்பை, மக்காத குப்பை என வீட்டிலேயே பிரிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டு விதிகள் கேட்டன. அதை வாசல்வாசலாகப் போய்ச் சொன்னது அதிகாரியா? எந்த வீட்டில் கலந்து போடுவார்கள், எங்கே ஊசி கிடக்கும், எந்தக் கால்வாய் அடைக்கும் என்பதெல்லாம் அத்தைக்கு மனப்பாடம். அவளை வேறு தெருவுக்கு மாற்றினால் அந்த அறிவும் போய்விடுகிறது. அறிக்கையில் மட்டும் "ஈடுபாடு இல்லை" என்று எழுதுகிறார்கள்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தபோது, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டது ஓய்வு அல்ல. அதே வேலையை, நிரந்தரமாக.

ஈடுபாடு இல்லாதவர்களா மழையிலும் வெயிலிலும் வேலை கேட்டுத் தெருவில் கிடப்பார்கள்?

நம் பிள்ளைகள் விளக்குமாறு தொடக்கூடாது என்பதே நம் அரசியல். அதற்கு இன்று விளக்குமாறு பிடித்திருப்பவளுக்குப் பென்ஷன் வேண்டும். ஈடுபாட்டை அளக்க வருகிறவர்கள் முதலில் அவளுடைய நாட்களை எண்ணட்டும்.