தேரிக்காட்டுக் கோயில்களும் பிரதிஷ்டைப் பண்டிகையும்

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு ஒரு பெயர்ப்பட்டியலில் தொடங்குகிறது. 1780இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேடு அது. அதில் இருப்பவர்கள் 40 பேர். முதலில் நிற்கும் பெயர் குளோரிந்தா. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778இல் ஞானஸ்நானம் பெற்ற மராட்டியப் பிராமணக் கைம்பெண் அவர். அவர் முயற்சியில் 1785இல் எழுந்த சிற்றாலயத்தை மக்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். ஆனாலும் இந்தத் திருச்சபை தன் இருநூறாம் ஆண்டு விழாவை எடுத்தது 1980இல். கோயில் எழுந்த ஆண்டை விட்டுவிட்டுப் பெயர் எழுதிய ஆண்டையே அது தன் பிறப்பாகக் கொண்டது. பிரதிஷ்டைப் பண்டிகைக்கென மலர் வெளியிடும் நம் சபைகள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

பாளையங்கோட்டையை விட்டுத் தெற்கே, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் போனால் செம்மணல் தேரி. மழை குறைவு, காற்று மிகுதி. பனை ஒன்றே வாழ்வு. இந்த மண்ணில்தான் 1799இல் முதலூர் பிறந்தது. புதிதாய்ச் சபையில் சேர்ந்து சொந்த ஊர்களில் இருக்க முடியாமற்போனவர்களுக்காகத் உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியில் நிலம் வாங்கி அமைத்த குடியிருப்பு அது. பெயரே அதன் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறது. பின்னர் 1830இல் இரேனியுஸ் ஐயர் காலத்தில் உருவான தர்ம சங்கம், துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் அந்த வேலையையே முறைப்படுத்திற்று. சுவிசேஷபுரம், சமாதானபுரம், ஆனந்தபுரம் என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். டோனாவூர் என்ற பெயருக்குள் பண உதவி செய்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா இருக்கிறார். சாயர்புரத்துக்குள் நிலம் கொடுத்த வணிகர் சாயர் இருக்கிறார். கொடுத்தவர் பெயர் ஊராய் நிலைத்துவிட்டது. குடியேறியவர் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நெடுவிளை என்ற மணற்காடு மெய்ஞ்ஞானபுரமாகச் செழித்தது ஜான் தாமஸ் ஐயர் காலத்தில். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த அவர், கிணறு வெட்டித் தோப்பு வளர்த்து, 1870இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அவர் எழுப்பிய தூய பவுல் ஆலயத்தின் கோபுர உயரம் 192 அடி. வழிநடையாய் வருகிறவனுக்குப் பனைகளுக்கு மேலே முதலில் தெரிவது அந்த முனைதான்.

இடையன்குடிக் கதை இன்னும் நீளமானது. கால்டுவெல் ஐயர் அங்கு வந்தது 1841இல். தூய திரித்துவ ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1847இல். பிரதிஷ்டை நடந்தது 1880இல். 33 ஆண்டுகள்! அடிக்கல் நாட்டிய அன்று கைக்குழந்தையாய் இருந்தவர், பிரதிஷ்டைக்குத் தம் பிள்ளைகளை அழைத்து வந்திருப்பார். அந்த இடைவெளியில் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார், 1877இல் பேராயரானார், அதே காலத்தில் தாது வருஷப் பஞ்சத்தையும் கண்டார். தமிழுலகம் அவரை ஒப்பிலக்கணத்தால் அறியும். எனக்கோ, பிரதிஷ்டை முடிந்த மறு ஆண்டில், 1881இல், அவர் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் தொடக்ககால வரலாறு பெரிதாய்ப் படுகிறது. பாளையங்கோட்டையின் அந்த 40 பெயர்களையும் தேடி எடுத்து அச்சேற்றியவர் அவர். 1891இல் கொடைக்கானலில் காலமான அவருடைய உடல், அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது.

இக்கோயில்களைக் கட்டிய ஐயர்மாரின் பெயர்கள் சலவைக்கல்லில் இருக்கின்றன. சுண்ணாம்புக் காரையில் கருப்பட்டி நீரும் கடுக்காய் நீரும் சேர்ப்பது அக்காலக் கொத்தர் வழக்கம். அந்தக் கருப்பட்டியைக் காய்ச்சியவள் யார், கல் சுமந்தவன் யார், பிடியரிசி எடுத்து வைத்தவள் யார் என்பதற்குக் கல்வெட்டு இல்லை.

ஆனால் அவர்களுக்கென்று ஒரு நாள் இருக்கிறது. அதுதான், கோயில் பிரதிஷ்டையான நாளை ஆண்டுதோறும் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை. சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போனவர்கள் கிறிஸ்துமஸுக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். விடியற்காலம் கீர்த்தனை பாடிப் பவனி, பிறகு திருவிருந்து ஆராதனை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் அன்றுதான் என்று பல குடும்பங்கள் காத்திருக்கும். மாலையில் அசனம்.

அசனம் என்பது உணவைக் குறிக்கும் வடசொல். தென்பாண்டிச் சபைகளில் அது தனிப்பொருள் பெற்றுவிட்டது. காணிக்கையாய் வந்த அரிசியும் ஆடும் காய்கறியும் ஒரே இடத்தில் வேகும். இரவெல்லாம் அடுப்பெரியும். கத்தரிக்காய் நறுக்கப் பெண்கள் வட்டமாய் உட்கார்ந்தால் ஊரின் நூறாண்டுச் செய்தியும் அங்கே பேசப்படும். பிறகு மணலில் வரிசையாய்ப் பந்தி. பண்ணையாருக்கும் பனையேறிக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. சமபந்தி என்று மேடையில் பேசத் தொடங்குமுன்பே இம்மணலில் அது நடந்தது. ஊர் திரும்புகிறவர் பையில் முதலூர் மஸ்கோத் அல்வாவும் கருப்பட்டியும் ஏறும்.

அதற்காக எல்லாம் ஒற்றுமையாகவே நடந்தது என்று எழுதினால் மலர் பொய்யாகிவிடும். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு நடைகள் கட்டி, சாதிக்கொன்றாய்ச் சுவரால் பிரித்து வைத்திருந்தார்கள். அச்சுவர் இடிந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பனையேறும் மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய சிறு நூல் அம்மக்களை ஆழமாய்ப் புண்படுத்தியது. நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை 1857இல் வெள்ளைக்காரக் குருமாரை விலக்கித் தனிச்சபையே கண்டார். இவற்றையும் எழுதுவதால் கோயிலின் பெருமை குறையாது. சண்டையிட்டுக்கொண்டும் ஒரே மணலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் கதை அல்லவா நம்முடையது?

இன்று வெளிவரும் மலர்களைப் புரட்டினால் வாழ்த்துரைகளும் விளம்பரங்களும் பாதிக்கு மேல் இருக்கின்றன. ஊர்க்கதைக்கு நான்கு பக்கம், அதிலும் பாதி முந்தைய மலரிலிருந்து எடுத்தது. இதற்கிடையே சேகர அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. பழைய பக்கங்கள் தொட்டால் உதிர்கின்றன. அவற்றில் தகப்பன் தொழில் இருக்கிறது, பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, காலராவில் ஒரே வாரத்தில் போனவர்களின் வரிசை இருக்கிறது.

சேகரக் குருவானவர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பந்தல்கால் நாட்டுமுன், அந்தப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து வையுங்கள். ஊரில் எண்பது கடந்தவர்களிடம் வாலிபர்களை உட்கார வைத்துக் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அடுத்த மலரின் முதற்பக்கத்தில், உங்கள் கோயிலின் முதற்பதிவேட்டில் உள்ள பெயர்களை ஒன்றுவிடாமல் அச்சிடுங்கள்.